பத்து வருஷமா லாரியே கூப்பிடாத வீடு

கேள்வி: மாதவரம் பக்கம் பழைய தனி வீடு ஒன்றைப் பேசி முடிக்கப் போகிறோம். பாதாள சாக்கடை இணைப்பு இல்லை, செப்டிக் டேங்க்தான். அதைச் சோதிக்கத் தனியாக ஆள் வைக்க வேண்டுமா? பத்து வருஷமாகக் கழிவுநீர் உறிஞ்சும் லாரியே கூப்பிட்டதில்லை என்கிறார் ஓனர்.

கட்டாயம் வையுங்கள். ஓனர் பெருமையாகச் சொல்கிறாரே, பத்து வருஷமா லாரியே வரவில்லை என்று, அதற்காகவே வையுங்கள். குடும்பம் குடியிருக்கிற வீட்டில் டேங்க் ஒழுங்காக வேலை செய்தால் கசடு அடியில் தங்கியே தீரும், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை உறிஞ்சி எடுத்தே ஆக வேண்டும். எடுக்கவே இல்லை என்றால் அது வேறு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. ஒன்று, டேங்க்குக்குத் தளமே போடாமல் வெறும் சிமெண்ட் உறையை இறக்கி மூடியிருப்பார்கள். இல்லையென்றால் நான் பார்த்த கதைதான்.

சில வருஷத்துக்கு முன் ஒரு மே மாதம் மணலி மாத்தூர் பக்கம் அரை கிரவுண்டில் (1,200 சதுர அடி) ஒரு வீடு பார்த்தோம். பட்டா, முப்பது வருஷ வில்லங்கம் எல்லாவற்றையும் வக்கீல் பார்த்தாகிவிட்டது. ஓனர் இதே வசனம்தான் சொன்னார், தரகரும் தலையாட்டினார். நான்கூட நம்பிவிட்டேன். என் மச்சான்தான் பிடிவாதமாக, அவருக்குத் தெரிந்த ரிட்டயர்டு சிவில் இன்ஜினியர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கேட்ட முதல் கேள்வி: "மூடி எங்க இருக்கு?"

யாருக்கும் தெரியவில்லை. போர்ட்டிகோ முழுக்க டைல்ஸ் ஒட்டி மூடியிருந்தார்கள். "உடைச்சா டைல்ஸ் வீணாப் போயிடும் சார்" என்றார் ஓனர். "ரெண்டு டைல்ஸ்தானே, நான் வாங்கித் தரேன்" என்றார் இவர்.

திறந்ததும் எல்லோரையும் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிற்கச் சொன்னார், யாரையும் குனிந்து எட்டிப் பார்க்க விடவில்லை. நீளமான மூங்கில் கழியில் பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றி அடிவரை இறக்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து மெதுவாக மேலே எடுத்தார். கசடு எவ்வளவு உயரம் நிற்கிறதோ அதுவரை துணியில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். பத்து வருஷக் குடும்பத்துக்கு ஒரு சாண்கூட இல்லை. அப்புறம் ஒரு சாயப்பொடிப் பொட்டலத்தைப் பிரித்து, டேங்க்கின் ரெண்டாவது அறையில் கொட்டி, பாத்ரூம் குழாய்களை எல்லாம் திறந்துவிடச் சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போய் மழைநீர் வடிகால் மூடி பக்கத்தில் நின்றார். இருபது நிமிஷம் இருக்கும். வடிகாலுக்குள் தண்ணீர் பளீரென்று பச்சையாக ஓடியது, அதாவது டேங்க்கை ரகசியமாக வடிகாலோடு இணைத்திருக்கிறார்கள். தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஓனர் மட்டும் உள்ளே காபி போடச் சொல்லப் போய்விட்டார்.

அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் இந்த ஏற்பாடோ, சரி விடுங்கள்.

யாரைக் கூப்பிடுவது என்றால், அமெரிக்காவில் பல மாநிலங்களில் இதற்கென்றே லைசென்ஸ் எடுத்தவர்கள் இருக்கிறார்கள், நம்ம ஊரில் அப்படித் தனியாக ஒரு தகுதி கிடையாது. அதனால் வீடு கட்டி அனுபவமுள்ள, பதிவு பெற்ற சிவில் இன்ஜினியரைப் பிடியுங்கள். தரகர் காட்டும் ஆள் வேண்டாம், ஓனருடைய மேஸ்திரி வேண்டவே வேண்டாம், காசு உங்கள் கையிலிருந்து போக வேண்டும். போனிலேயே "எப்படி சார் செக் பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். மூடியைத் திறப்பேன், கசடு அளப்பேன், உள்ளே வரும் குழாயிலும் வெளியே போகும் குழாயிலும் 'T' வடிவக் குழாய் இணைப்பு இருக்கிறதா பார்ப்பேன் என்று சொல்லாத ஆளை விட்டுவிடுங்கள். எங்களிடம் அந்த ரிட்டயர்டு இன்ஜினியர் வாங்கியது 3,500 ரூபாய், போட்டோவோடு எழுதியும் கொடுத்தார்.

அடுத்தது லாரி. டேங்க்கைக் காலி செய்து ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தால்தான் வெளித் தண்ணீர் சுவர் வழியே உள்ளே ஊறுகிறதா என்று தெரியும். வடசென்னையில் பல இடங்களில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கை எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். "மே மாசத்துல எல்லா டேங்க்கும் நல்ல டேங்க்தான்" என்பார் எங்கள் இன்ஜினியர். முடிந்தால் கார்த்திகை, மார்கழியில் பாருங்கள். ஆனால் ரெடிமேட் பிளாஸ்டிக் டேங்க் என்றால் அந்த நேரத்தில் முழுசாகக் காலி செய்யாதீர்கள், அடியிலிருந்து தண்ணீர் தள்ளி டேங்க்கே மேலே எழும்பிவிடும். உரிமம் உள்ள லாரிக்கு 14420 என்ற உதவி எண்ணில் கேட்கலாம். யாராவது "ஆளை இறக்கிப் பார்த்துடலாம் சார்" என்றால் அவரை அங்கேயே அனுப்பிவிடுங்கள். விஷவாயு என்பது ஒன்று, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி அது குற்றம் என்பது இன்னொன்று. சாக்கடையில் இறங்கி உயிர் போனால் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

போர்வெல் தண்ணீரையும் லேபில் கொடுத்துப் பாருங்கள். குடிநீர்க் கிணற்றுக்கும் சோக் பிட்டுக்கும் (டேங்க்கிலிருந்து வரும் தண்ணீர் மண்ணில் ஊறுகிற குழி) 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது செப்டிக் டேங்க்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470. முப்பதுக்கு நாற்பது அடி மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடி, அதாவது 15 மீட்டர்தான். ஆக அந்த அளவு அரை கிரவுண்டு வீட்டில் இந்த விதி நிறைவேற வழியே இல்லை. பக்கத்து வீட்டு சோக் பிட் உங்கள் போர்வெல்லுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்றும் விசாரியுங்கள்.

மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) வரி ரசீதைக் காட்டிப் பாதாள சாக்கடை இணைப்பு இருக்கிறது என்பார்கள். வரி ரசீது வேறு, இணைப்பு ஆணை வேறு. ஏரியா அலுவலகத்திலேயே போய்க் கேளுங்கள், உங்கள் தெருவுக்குப் பாதாள சாக்கடை எப்போது வரும் என்பதையும் சேர்த்து. ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளமாகிவிட்டதா என்றும் பாருங்கள், இணைப்பு வந்த பிறகும் மழையில் கீழ்வீட்டுக் கழிவறையில் எதிர்த்து வருவது அதனால்தான்.

நாங்கள் கடைசியில் அந்த வீட்டையேதான் வாங்கினோம். பச்சைத் தண்ணீரைப் பார்த்த பிறகு ஓனர் 1.75 லட்சம் குறைத்தார், புது டேங்க் கட்டவே அது சரியாகப் போயிற்று. மூடிக்கு மேலே இருக்கிற ரெண்டு டைல்ஸை மட்டும் இன்றுவரை சிமெண்ட் போட்டு ஒட்டவில்லை. ஸ்கூட்டர் ஏற்றும்போதெல்லாம் டொக்கென்று சத்தம் வரும், வீட்டுக்காரி திட்டுவாள்.