பட்டியில் முளைக்கும் காளான் மருந்தாகுமா?

கேள்வி: எனக்கு 24 வயது. ஏழு மாதமாக மனச்சோர்வுக்குக் குளிசை எடுக்கிறேன், பெரிதாகச் சுகமில்லை. அங்கே டொக்டர்மாரே காளான் மருந்து கொடுத்து இதை மாற்றுகிறார்கள் என்று மெல்பேர்னில் இருக்கும் மச்சான் சொல்கிறான். மாரி மழை பெய்தால் எங்கள் மாட்டுப்பட்டியிலும் சாணியில் காளான் முளைக்கும். சாப்பிட்டுப் பார்க்கவா? அம்மாவிடம் சொல்லவில்லை. குரல் கேட்கிறது என்று தனியே பேசும் மாமாவைப் பார்ப்பதே அவவுக்குப் போதும்.
– வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: தம்பி, சாப்பிட வேண்டாம். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

மச்சான் சொன்னது பொய்யில்லை. அவுஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், அனுமதி பெற்ற மனநல வைத்தியர்கள் சைலோசைபின் எழுதிக் கொடுக்கலாம். வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுக்கு மட்டும். சில காளான்களில் இருக்கும் பொருள்தான் அது. ஆனால் அங்கே கொடுப்பது அளந்த மருந்து, பக்கத்தில் ஆள் இருந்து மணிக்கணக்காகப் பார்த்துக்கொள்வார்கள். 2022இல் வெளியான ஆய்வொன்றில் 233 பேர் கலந்துகொண்டார்கள். 25 மில்லிகிராம் ஒரே தடவை எடுத்தவர்களுக்கு மூன்று கிழமையில் சோர்வு குறைந்திருந்தது. சிலருக்குத் தற்கொலை எண்ணம் வந்ததும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

பட்டிக் காளானில் எது எந்த இனம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சில நச்சுக் காளான்கள் சாப்பிட்டு ஆறு மணித்தியாலம் போயும் ஒன்றும் காட்டாது. வாந்தி தொடங்கும்போது ஈரலில் கை வைத்திருக்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது காளான் அல்ல, கடைசி வரி. மாமாவுக்குக் குரல் கேட்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மூன்று தரம் வாசித்தேன். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு, அதாவது இல்லாத குரல் கேட்கிற மாதிரியான மனநோய், இருந்தால் இப்படியான ஆய்வுகளில் பெரும்பாலும் ஆளைச் சேர்க்கவே மாட்டார்கள்.

அறுகம்பேயில் விடுதியொன்றில் வேலை செய்த பொடியன் ஒருவன் என்னிடம் வந்தான். வந்து தங்கிய யாரோ நாக்கில் வைக்கும் எல்எஸ்டி (அந்தக் காளானைப் போலவே இல்லாததைக் காட்டும் போதைப்பொருள்) கடதாசித் துண்டு கொடுத்திருக்கிறார்கள். வார்டில் இரண்டு காதிலும் சீலைத் துண்டைச் சுருட்டி அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து இருப்பான். துண்டை எடுத்தால் அழுவான். அவனுடைய பெரியப்பாவுக்கும் அதே வருத்தம். வர இருந்ததை அந்தக் கடதாசி முந்திக் கூட்டி வந்தது என்றே நினைக்கிறேன். இப்போதும் மாதம் ஒரு ஊசி.

சரி, உங்கள் சோர்வுக்கு வருவோம். ஏழு மாதம் ஒரே குளிசையில் சுகமில்லை என்றால் அதை டொக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். அளவைக் கூட்டலாம், வேறு குளிசைக்கு மாற்றலாம், உளவளத்துணையும் சேர்க்கலாம். இதில் ஒன்றாவது செய்து பார்த்தீர்களா? நீங்களாகக் குளிசையை நிறுத்திவிட வேண்டாம். இரவில் தாங்க முடியாமல் வந்தால் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

அடுத்த கிளினிக்குக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாமாவுக்கு எந்த வயதில் தொடங்கியது, எப்படித் தொடங்கியது என்று அவவுக்குத்தான் தெரியும்.