குறைந்த விலை கேட்டவருக்கே டெண்டர் கிடைத்துவிடுமா?

மாநகராட்சி தன் குப்பை அள்ளும் ஒப்பந்தத்தை யாருக்குத் தருவது என்று எப்படி முடிவு செய்கிறது எனக் கேட்டிருக்கிறீர்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டம். பெரிய பணிகளுக்குப் போட்டியிடும் நிறுவனங்கள் வழக்கமாக இரண்டு உறைகள் தரும்: ஒன்றில் தொழில்நுட்ப விவரம், மற்றதில் விலை. முதலில் தொழில்நுட்ப உறையைத் திறந்து முன் அனுபவம், வண்டிகள், நிதி நிலை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அதில் தேறாதவரின் விலை உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். தேறியவர்களில் குறைந்த விலை கேட்டவரே முன்னால் நிற்பார். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதும் அவரோடு மட்டும்தான். இரண்டாமவரை அழைத்துப் பேரம் பேசச் சட்டத்தில் இடமில்லை.

விலைப் பட்டியலில் நான் முதலில் தேடுவது கூலிக் கணக்கைத்தான். உதாரணமாக, 100 தூய்மைப் பணியாளர்கள் என்று எழுதியிருப்பார்கள். அவர்களுடைய குறைந்தபட்சக் கூலியையும் வருங்கால வைப்பு நிதியையும் கூட்டிப் பாருங்கள். மொத்த விலையே அந்தத் தொகைக்குக் கீழே இருந்தால், குறைகிற தொகை அவர்கள் சம்பளத்திலிருந்துதான் பிடிக்கப்படும். அதிகாரிகள் அங்கேயே நிறுத்தி விளக்கம் கேட்க வேண்டும். கேட்காமல் கையெழுத்திடுவது அந்தத் தொழிலாளர்களுக்குச் செய்யும் அநீதி.

முடிவை ஏற்காத நிறுவனம், உத்தரவு கிடைத்த 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். நீங்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒப்பந்தப்புள்ளி மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கேட்டு மனுப் போடலாம்.