பழைய ரிவால்வர், புதிய மெருகு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: போலீஸ் துறை கழித்துவிட்ட ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10 ரிவால்வர் ஒன்று இங்கே கடையில் மலிவாக வந்திருக்கிறது. நிறம் தேய்ந்து, கைப்பிடியெல்லாம் கீறலாக இருக்கிறது. வாங்கி வீட்டிலேயே சரிசெய்யலாமா?
– டெக்சஸ் வாசகர்

பதில்: வெளித்தோற்றத்தைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். போலீஸ்காரரின் இடுப்பு உறையில் கிடந்த துப்பாக்கிக்குப் பேரல் (குழல்) நுனியும், தோட்டா போடும் சுழல் உருளையான சிலிண்டரின் விளிம்பும் வெளுத்துத்தான் இருக்கும். பெரும்பாலும் சுமந்த நாள் அதிகம், சுட்ட நாள் குறைவு. 1899-ல் வந்த அந்த வகைக்கு 1957-ல்தான் மாடல் 10 என்று எண் கொடுத்தார்கள். ஏராளமாக விற்ற துப்பாக்கி என்பதால் உதிரி பாகங்களுக்குப் பஞ்சமில்லை. நிறத்தையும் மரத்தையும் வீட்டில் சரிசெய்யலாம். உள் இயக்கம் கெட்டிருந்தால் அதைச் சரிசெய்யும் கூலி, துப்பாக்கி விலையையே தாண்டிவிடும். ஆகவே பணம் கொடுக்கும் முன் சோதனை.

சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கடைக்காரரின் அனுமதி பெற்று, சிலிண்டர் மேல் ஒரு விரலை லேசாக அழுத்தித் தடை கொடுத்தபடி, பின்புறம் இருக்கும் ஹேமரை (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலை) மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் முழுதாக நிற்பதற்கு முன்பே சிலிண்டர் 'டிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஓர் அறைக்கு மட்டும் தாமதமானாலும், சிலிண்டரைத் தள்ளும் பாகமோ அதன் பின்புறப் பல்லோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். அப்படிச் சுட்டால் குண்டு பேரலின் பின்புற வாயின் ஓரத்தில் உரசி, ஈயத் துணுக்கு பக்கவாட்டில் தெறிக்கும்.

அடுத்து, ஹேமரை இழுத்து நிறுத்திவிட்டு, டிரிகரை (விசையை) தொடாமல், கட்டைவிரலால் ஹேமரைப் பின்னாலிருந்து முன்னுக்கு நன்றாக அழுத்துங்கள். அது நழுவி விழுந்தால் யாரோ உள்ளிருக்கும் பாகங்களை அரத்தால் தேய்த்திருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கியே வேண்டாம்.

கடைசியாக ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள். சிலிண்டரைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அதன் முகத்துக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளியை அளக்கவும். 0.004 முதல் 0.010 அங்குலம் வரை இருந்தால் கவலையில்லை. 0.012-ஐத் தாண்டினால் விட்டுவிடுங்கள். பேரலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்க்கும்போது கறுப்பு வளையம் ஒன்று தெரிந்தால், உள்ளே குண்டு சிக்கியிருந்த நிலையில் அடுத்ததும் சுடப்பட்டுப் பேரல் வீங்கியிருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது.

கேள்வி: உள் இயக்கத்தை மூடியிருக்கும் பக்கத்தகட்டைக் கழற்ற முயன்றேன், அசையவே இல்லை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பலாமா?

பதில்: கூடவே கூடாது. ஒருமுறை நெம்பினால் தகட்டின் ஓரம் வளைந்துவிடும், அந்த இடைவெளி பிறகு மூடாது. முதலில் கைப்பிடிப் பலகைகளைக் கழற்றுங்கள். ஸ்க்ரூ தலையின் பள்ளத்தில் இறுக்கமாகப் பொருந்தும், பக்கம் இணையாக இருக்கும் துப்பாக்கி வேலைக்கான பிட்டையே பயன்படுத்துங்கள். வீட்டு ஸ்க்ரூ டிரைவரின் முனை சரிவாக இருப்பதால் வழுக்கிப் பள்ளத்தைப் பிய்த்துவிடும். ஸ்க்ரூக்கள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. முன்பக்க ஸ்க்ரூ சிலிண்டரைத் தாங்கும் கையைப் பிடித்திருப்பது, அதற்கென்றே பொருத்தியது. எது எங்கிருந்து வந்தது என்று அட்டையில் குத்தி வையுங்கள். பிறகு துப்பாக்கியைத் தகடு மேலே இருக்கும்படி பிடித்து, கைப்பிடிச் சட்டத்தின் பக்கவாட்டில் மரச் சுத்தியலால் தட்டுங்கள். அதிர்விலேயே தகடு மேலெழும். உறைந்துபோன எண்ணெய் பிடித்திருந்தால், ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்துவிட்டு மறுபடி தட்டுங்கள்.

சிலிண்டர் திறக்க முரண்டு பிடித்தால், எஜெக்டர் ராட் (காலிக் கூடுகளை வெளியே தள்ளும் கம்பி) கழன்று நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். 1960 வாக்கில் மாறிய பிறகு வந்தவற்றில் அது இடது மரை, அதாவது எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும். வழக்கம்போலத் திருகினால் இன்னும் கழலும். முறுக்கும்போது அறைகளில் காலித் தோட்டாக் கூடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் சிறு ஊசிகள் உடையும்.

கேள்வி: பேரல் வாயில் ஈயம் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கிறது. வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றினால் கரையும் என்கிறார்களே?

பதில்: கரையும், ஆனால் கரைந்து வருவது ஈய அசிடேட் என்ற நஞ்சு. தோல் வழியாகவும் ஏறக்கூடியது, கீழே கொட்டவும் முடியாது. துப்பாக்கியின் நீல நிறத்தையும் அந்தக் கலவை தின்றுவிடும். பேரல் துடைக்கும் பழைய பிரஷ் ஒன்றில் தாமிரக் கம்பிச் சுருளைச் சுற்றிப் பத்துப் பதினைந்து முறை இழுத்தால் ஈயம் செதிலாக உரிந்து வரும். வாங்கும் சுருளைக் காந்தத்தால் சோதியுங்கள். ஒட்டினால் அது தாமிரம் பூசிய இரும்பு, பேரலைக் கீறும். இந்த வேலையைச் சமையலறையில் செய்ய வேண்டாம், கையுறை கட்டாயம்.

கேள்வி: துரு எடுத்த இடத்தில் கோல்டு புளூ (சூடேற்றாமல் நீல நிறம் தரும் மருந்து) பூசினேன். திட்டுத்திட்டாக வந்தது. ஏன்?

பதில்: பத்தில் ஒன்பது முறை காரணம் எண்ணெய்ப் பசைதான். கண்ணுக்குத் தெரியாத விரல் ரேகை கூட மருந்தை விலக்கிவிடும். மேல்துருவை எண்ணெய் நனைத்த 0000 எண் எஃகுப் பஞ்சால் மெல்லத் தேய்த்தெடுத்த பிறகு, அசிடோனால் இரண்டு முறை துடையுங்கள். அசிடோன் முழுதாகக் காயட்டும். பிறகு ஹேர் டிரையரால் உலோகத்தைக் கைபொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, பஞ்சுக் குச்சியால் ஒரே வீச்சில் பூசுங்கள். ஒரு நிமிடம் கழித்து நீரில் அலசி, காயவைத்து, புதிய எஃகுப் பஞ்சால் லேசாகத் தடவி மறுபடி பூசவும். மூன்று நான்கு சுற்றில் நிறம் ஆழமாகும். முடிந்ததும் எண்ணெய் தடவி ஒரு நாள் விடுங்கள், இல்லையேல் மருந்தே துருவைக் கிளப்பும். பெரும்பாலான இந்த மருந்துகளில் செலீனியம் சேர்மம் உண்டு, காற்றோட்டம் அவசியம்.

இது சிறு ஒட்டுவேலைக்குத்தான் ஏற்றது. முழுத் துப்பாக்கிக்கும் பூசினால் உறையில் போட்டு எடுக்க எடுக்க வெளுத்துவிடும். துருப்பள்ளங்களை அரைத்துச் சமனாக்கவும் வேண்டாம். விளிம்புகளும் எழுத்துகளும் மழுங்கிப் போவதைவிடப் பள்ளம் மேல். கைப்பிடியின் அடியில் உள்ள தொடர் எண்ணின் பக்கம் பஞ்சே போகக்கூடாது. அந்த எண்ணை அழிப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். நானும் வாங்கலாமா?

பதில்: தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநில விதிகள் தனி. வழக்கறிஞரைக் கேட்காமல் கடை ஏறாதீர்கள்.

கேள்வி: டிரிகர் கனமாக இருக்கிறது. கைப்பிடிக்கு முன்புறம் உள்ள சிறு ஸ்க்ரூவைத் தளர்த்தினால் இலேசாகிறது. அப்படியே விடலாமா?

பதில்: வேண்டாம். அது மெயின் ஸ்ப்ரிங்கை முட்டுக்கொடுக்கும் ஸ்க்ரூ, கடைசி வரை இறுகியே இருக்க வேண்டும். தளர்ந்தால் ஹேமர் அடி பலவீனமாகித் தோட்டா வெடிக்காமல் போகும். கனம் குறைய, உள்ளே உறைந்த பழைய எண்ணெயைக் கரைத்துத் துடைத்து, அச்சுகளில் மட்டும் ஒவ்வொரு சொட்டு புது எண்ணெய் விடுங்கள். பல துப்பாக்கிகளுக்கு இதுவே போதும். ஹேமரும் டிரிகரும் கவ்விக்கொள்ளும் விளிம்பில் கை வைப்பது பயிற்சி பெற்ற கன்ஸ்மித்தின் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரின்) வேலை.

கேள்வி: வால்நட் கைப்பிடியை மெருகேற்ற எளிய வழி?

பதில்: வார்னிஷை ரிமூவரால் எடுங்கள், சுரண்டாதீர்கள். பிறகு 220, 320, 400 என்று உப்புத்தாளை மாற்றி, மர ரேகையோடு ஒரே திசையில் தேய்க்கவும். உலோகத்தோடு சேரும் ஓரத்தைத் தொட வேண்டாம், தொட்டால் சட்டம் துருத்திக்கொண்டு நிற்கும். கட்டம் செதுக்கிய இடத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்தால் போதும். கடையில் 'பாயில்டு லின்ஸீட் ஆயில்' என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயை (நீங்கள் கொதிக்கவைக்க வேண்டாம்) விரலால் மெல்லியதாகத் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு அடுத்த பூச்சு. ஐந்தாறு பூச்சில் மரம் கண் திறக்கும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகத் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போட்டு, விறைத்த பிறகு எறியுங்கள்.