முட்டிவலி என்று வந்தவரிடம் முதலில் எடையைப் பேசலாமா?

கேள்வி: நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். நோயாளியின் எடையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்றால், "அப்போ உடல்பருமனால் நோய் வருவது பொய்யா மேடம்?" என்று மாணவர்கள் மடக்குகிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவர்கள் கேட்பது நியாயம், மழுப்பாதீர்கள். எடை கூடினால் சர்க்கரை நோய், மூட்டுத் தேய்மானம் எல்லாம் வரும் வாய்ப்பும் கூடுகிறது என்று நேராகவே சொல்லிவிடுங்கள். ஆனால் ஒருவர் என்ன சாப்பிடுகிறார், நடக்கிறாரா, இன்று எதனால் வலிக்கிறது என்பதையெல்லாம் எடை மெஷின் சொல்லாது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கைப் போட்ட கெட்லே ஒரு புள்ளியியலாளர், டாக்டர் இல்லை. 1830களில் அவர் தேடியது கூட்டத்தின் சராசரியை, தனி ஆளின் நோயை அல்ல.

இதை விவாதமாக்கினால் வகுப்பு இரண்டு கட்சியாகிவிடும், அதனால் ஒரு கேஸ் ஷீட் கொடுங்கள்: வயது 45, மூன்று வாரமாக முட்டிவலி, படியேறினால் கூடுகிறது. பாதிப்பேர் தாளில் எடை 58 கிலோ, மீதிப்பேர் தாளில் 104, மற்றதெல்லாம் ஒன்றே. என்ன செய்வீர்கள் என்று எழுதச் சொல்லி, இரண்டு வகைத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். முட்டியைத் தொட்டுப் பார்ப்பது, வீக்கம் இருக்கிறதா, அடிபட்டதா என்று கேட்பது, பிசியோதெரபி, இவையெல்லாம் எந்தத் தாளில் காணாமல் போகின்றன என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.

அப்புறம் பிபி கஃப், அதாவது ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை. இதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். பெரிய கைக்குச் சின்ன கஃப் கட்டினால் ரீடிங் ஏறித்தான் காட்டும். மிகப் பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்கு வழக்கமான அளவைக் கட்டியபோது சிஸ்டாலிக் (பிபியின் மேல் எண்) கிட்டத்தட்ட 20 கூடுதலாகக் காட்டியதாக 2023-ல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. இல்லாத நோய்க்கு மாத்திரை எழுத அது போதும். உங்கள் லேபில் எல்லா அளவிலும் கஃப் இருக்கிறதா?

எடை பார்க்கவே கூடாது என்றில்லை. மருந்தின் அளவுக்கு வேண்டும், இதயம் பலவீனமானவர் உடம்பில் நீர் சேர்வதைக் கவனிக்கவும் எடை வேண்டும். காரணத்தைச் சொல்லி, சம்மதம் கேட்டு, மறைவாக ஓர் இடத்தில் பார்க்கட்டும், எண்ணை வார்டுக்கே கேட்கும்படி சொல்லக் கூடாது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதையும் கேளுங்கள்: மூன்று மாதம் நடந்ததில் ஒருவருக்குச் சர்க்கரையும் பிபியும் இறங்கிவிட்டன, எடை மட்டும் அசையவில்லை, அவரிடம் என்ன சொல்வீர்கள்? "இன்னும் முயற்சி செய்யுங்கள்" என்று பதில் வந்தால் மார்க் போடாதீர்கள்.