எங்கள் ஊர்ப் பெண்களின் பாட்டுகளையும் சடங்குகளையும் விக்கிப்பீடியாவில் எழுத முடியுமா? சான்று கேட்டால் என்ன செய்வது?

எழுத முடியும். ஆனால் சான்று என்ற இடத்தில்தான் பலர் மனம் தளர்ந்து விலகிவிடுகிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் சில ஆண்டுகளாகப் பங்களித்து வருபவள் என்ற முறையில் அதைப் பற்றியே கூடுதலாகச் சொல்கிறேன்.

நான் முதலில் எழுதத் தொடங்கியது முளைப்பாரியைப் பற்றி. மண்சட்டியில் வைக்கோலும் காய்ந்த எருவும் இட்டு, ஊறவைத்த பயறுகளைத் தூவி, வெயில் படாத அறையில் வைத்து நீர் தெளிப்பதையும், இருட்டில் வளர்வதால் பயிர் பச்சை பிடிக்காமல் வெளிர்மஞ்சளாக நீண்டு நிற்பதையும், இரவுதோறும் பெண்கள் கூடிக் கும்மியடித்துப் பாடுவதையும் என் தாயார் சொன்னபடியே எழுதி வைத்தேன். மறுநாள் அந்தப் பத்தியின் ஓரத்தில் 'சான்று தேவை' என்ற குறிப்பு இருந்தது. பிறந்தது முதல் கண்ணால் பார்த்து வருவதற்கு எதற்குச் சான்று என்று வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு, கட்டுரையைப் பற்றிப் பங்களிப்பாளர்கள் கலந்து பேசும் பேச்சுப் பக்கத்தில் ஒருவர் பல்கலைக்கழக ஆய்வேடு ஒன்றின் விவரத்தையும் பக்க எண்ணையும் தந்தார். இராமநாதபுரம் பக்கத்துப் பெண் ஒருவர், தம் ஊரில் முளை வளர்ப்பதற்கென்றே தனிக் கட்டடம் இருப்பதாகவும் நாள்கணக்கும் வேறு என்றும் எழுதினார். நான் 'முளைப்பாரி' என்று எழுதியிருந்தது உண்மையில் எங்கள் ஊர் முளைப்பாரி மட்டுமே என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒருவரே எழுதும் நூலில் இந்தத் திருத்தம் மறுபதிப்பு வரை காத்திருக்க வேண்டும். இங்கே மூன்று நாளில் நடந்தது.

ஆகவே அச்சில் இருப்பவற்றைத் தேடுவதுதான் முதல் வேலை. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் உருவான ஆய்வேடுகளும் நூல்களும் உதவும். நாளிதழ்களின் மாவட்டச் செய்திகளும் உதவும். வாட்சப்பில் வந்தது உதவாது. அச்சுக்கே வராத வழக்கங்களை என்ன செய்வது என்ற கேள்வி புதிதன்று. 2011-இல் எழுத்தாளர் அச்சல் பிரபலா விக்கிப்பீடியாவுக்காக முன்னெடுத்த முயற்சியில், மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பெடி ஆகிய மொழிகளில், மக்களின் வாய்மொழிப் பதிவுகளையே சான்றாகக் காட்டிக் கட்டுரை எழுத முடியுமா என்று சோதித்துப் பார்த்தார்கள். அது பொது விதியாகவில்லை. ஆனால் எழுத்தறிவு மறுக்கப்பட்ட பெண்களிடம் அச்சுச் சான்று கேட்பது எவ்வளவு பெரிய அநீதி என்பதை அது வெளிச்சமாக்கியது என்றே நான் கருதுகிறேன்.

கலைஞர்களைப் பற்றிய கட்டுரைகளில் இந்த அநீதி இன்னும் கூர்மையாகத் தெரியும். நாட்டுப்புறப் பாடகிகளில் கொல்லங்குடி கருப்பாயி 1985-இல் 'ஆண்பாவம்' படத்திலும், பரவை முனியம்மா 2003-இல் 'தூள்' படத்திலும் தோன்றியதால் அவர்களைப் பற்றிச் செய்திகளும் நேர்காணல்களும் கிடைக்கின்றன. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு 2018-இல் பத்மசிறீ விருது கிடைத்தது. படமோ விருதோ தொடாத ஒரு நடவுப்பாட்டுக்காரியைப் பற்றி ஒரு வரிச் செய்திகூட இருக்காது. ஆங்கில விக்கிப்பீடியாவிலேயே 2015-இல் வாழ்க்கை வரலாறுகளில் ஏறத்தாழ 15 விழுக்காடுதான் பெண்களைப் பற்றியவையாக இருந்தன.

பழைய தொகுப்புகளைப் புரட்டும்போது எனக்கு மனம் கனக்கும். ஆங்கிலேய அதிகாரி பெர்சி மாக்வீன் திரட்டிய நாடோடிப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்து, 'மலையருவி' என்ற நூலாக 1958-இல் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வெளியிட்டது. அரிய பணி, ஐயமில்லை. திரட்டியவர் பெயரும் பதிப்பித்தவர் பெயரும் நமக்குத் தெரியும். தாலாட்டையும் ஒப்பாரியையும் பாடிக் கொடுத்த பெண்களின் பெயர் அக்காலத் தொகுப்புகளில் பெரும்பாலும் இருக்காது. விக்கிப்பீடியாவில் ஒரு காற்புள்ளியைச் சேர்த்தவரின் பெயர்கூட 'வரலாறு' பக்கத்தில் நிற்கிறது. பாடியவரின் பெயரை மட்டும் நாம் விட்டுவிடலாமா? ஒலிப்பதிவை, விக்கிப்பீடியாவுக்கான படங்களும் ஒலிகளும் சேமிக்கப்படும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றும்போது, அவர் சம்மதித்தால், பெயர், ஊர், பதிவு செய்த நாள் மூன்றையும் விளக்கத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

சம்மதம் என்பது தலையசைப்பு அன்று. சாவு நிகழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது என்பதால் எனக்காகக் கண்மாய்க்கரைக்கு வந்து பாடினார் ஒரு பாட்டி. நடுவில் தம் தாயாரின் நினைவு வந்து உண்மையாகவே அழுதுவிட்டார். கைபேசியை அணைத்துவிட்டு, கட்டற்ற உரிமம் என்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம் என்று சொன்னேன். "அப்ப நான் அழுதத வித்துப்புடுவாகளா தாயி?" என்று கேட்டார். அந்தப் பதிவை நான் ஏற்றவில்லை. வேறொரு நாள் அவரே விரும்பிப் பாடித் தந்த தாலாட்டைத்தான், பெயரைப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்ட பிறகு ஏற்றினேன். பாட்டு மரபுவழி வந்தது, யாருக்கும் சொந்தமில்லை என்று சிலர் வாதிடுவார்கள். ஆனால் அதை நிகழ்த்துபவருக்கு நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு சிறப்பு உரிமை அளிக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

எழுதாமல் விட வேண்டியவையும் உண்டு. நாஞ்சில் நாட்டிலும் பிற தென்மாவட்டங்களிலும் செவ்வாய்க்கிழமை இரவில் பெண்கள் மட்டும் கூடி நோற்கும் ஔவையார் நோன்பில் உப்பில்லாக் கொழுக்கட்டை அவிப்பார்கள். ஆண் குழந்தையைக்கூட உள்ளே விடமாட்டார்கள். கதையையும் ஆண்கள் காதில் விழச் சொல்லமாட்டார்கள். அதைப் பற்றி எழுதியபோது, அச்சில் ஏற்கெனவே வெளிவந்த செய்திகளான மாதங்கள், கிழமை, உப்பில்லாப் படையல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டேன். கதையை ஏன் சேர்க்கவில்லை என்று ஒருவர் பேச்சுப் பக்கத்தில் கேட்டார். எனக்குச் சொன்ன பெண்கள் அதை வெளியிட விரும்பவில்லை என்று பதில் எழுதினேன். அவர் அதன்பின் வற்புறுத்தவில்லை.