பெரிய கடல் மீன் டேங்க்ல மீன்களை இழந்துட்டு சின்ன ரீஃபுக்கு (பவளம் வளர்க்கிற டேங்குக்கு) இறங்குறவங்களுக்கு: கேள்வி பதில்

வேளச்சேரி: அண்ணா, 4 × 1.5 × 1.5 அடி டேங்க். ராத்திரி எட்டு மணி நேரம் கரண்ட் இல்லை. டேங் (tang), ஏஞ்சல் ரெண்டு மீனும் செத்துப் போச்சு. மிச்சம் ரெண்டு க்ளவுன் மீன், அப்புறம் பவளத்தில் ஒரு லெதர் கோரல், கொஞ்சம் ஜோவா. 2 அடி டேங்குக்கு மாத்தணும். எந்த வரிசையில் செய்யறது?

முதல்ல காரணத்தைச் சரி பண்ணுங்க. தண்ணி அசையலைன்னா மேல்மட்டத்தில் காற்று கரையாது. விளக்கு அணைஞ்சதும் பவளமும் பாசியும் சேர்ந்து ஆக்ஸிஜனை எடுக்கும். 30 டிகிரியில் கடல் தண்ணி லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம் ஆக்ஸிஜன்தான் பிடிக்கும். பெரிய மீன் முதல்ல போறது அதனாலதான். பவர் பேங்கில் ஓடும் யூஎஸ்பி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வைங்க. ட்யூபில் நான்-ரிட்டர்ன் வால்வ் கட்டாயம், இல்லன்னா பம்ப் நின்னதும் தண்ணி திரும்பி வழியும்.

இனி மாத்துற வேலை. 2 × 1.5 × 1.25 அடி டேங்க் சுமார் 106 லிட்டர். கல்லும் மணலும் போக 85 லிட்டர் நிக்கும். லிட்டருக்கு 36-லிருந்து 38 கிராம் ரீஃப் டேங்குக்கான கடல் உப்பு, அதாவது 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தண்ணியில் உப்பைப் போடுங்க, உப்பு மேல தண்ணி ஊத்தாதீங்க. கால்சியம் வெள்ளையா படிஞ்சிடும். பவர்ஹெட் (தண்ணியைச் சுழற்றுற சின்ன பம்ப்) போட்டு 24 மணி நேரம் சுத்த விட்டு, 26 டிகிரி, உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) வந்த பிறகுதான் பழைய டேங்கில் கை வைக்கணும். பழைய டேங்கின் உப்பையும் அளந்துக்கோங்க. வித்தியாசம் 1 பிபிடிக்கு மேல இருந்தா புதுத் தண்ணியை மெதுவா கலந்து பழக்குங்க.

மேல்தண்ணியை மட்டும் மூணு பக்கெட்டில் எடுங்க, மணல் கலங்கக் கூடாது. முதல் பக்கெட்டில் பவளம். ரெண்டாவதில் ஒவ்வொரு கல்லையும் உதறி அலசுங்க. மூக்குகிட்ட கொண்டு போய்ப் பாருங்க, அழுகின முட்டை வாசனை அடிக்கிற கல் வேண்டாம். கல் காலியானா மீன் சுலபமா வலையில் விழும், அது மூணாவது பக்கெட்டுக்கு. மணலைக் கடைசியா தொடுங்க. புது டேங்கில் 10 கிலோ கல் போதும். விளக்கு முதல் வாரம் பாதி அளவில். அம்மோனியா 10 நாள் தினமும் பாருங்க. தெரிஞ்சா அன்னிக்கே பாதித் தண்ணி மாத்துங்க.

கோவை: வீட்டு ஆர்ஓ பியூரிஃபையர் தண்ணி போதுமா?

போதாது. டிடிஎஸ் (தண்ணியில் கரைஞ்ச உப்புகளின் அளவு) கண்ட்ரோலர்னு ஒரு திருகு இருக்கும், அது வடிகட்டாத தண்ணியைக் கொஞ்சம் கலந்துதான் விடும். குடிக்க நல்லது, பவளத்துக்கு இல்லை. இப்போ காப்பர் சேர்க்கிற பியூரிஃபையர் வேற விக்கறாங்க; அந்தத் தண்ணி ஊத்தினா இறால், நத்தை, பவளம் எல்லாத்துக்கும் ஆபத்து. ஆர்ஓவுக்குப் பிறகு டிஐ ரெசின் (மிச்ச உப்பையும் இழுத்துக்கிற வடிகட்டி) போட்டு டிடிஎஸ் மீட்டரில் 0 வரணும்.

மதுரை: டேங்க் சின்னதா இருந்தா பராமரிப்பு குறைவுதானே?

செலவு குறையும், தவறுக்கு இடமும் குறையும். 100 லிட்டரில் 2 லிட்டர் ஆவியானா உப்பு 35-லிருந்து 35.7. 20 லிட்டர் நானோவில் (ரொம்பச் சின்ன டேங்கில்) 1 லிட்டர் போனாலே 36.8. ஃப்ளோட் சென்சாரோட தானா தண்ணி நிரப்புற ஏற்பாடு இல்லாம சின்ன ரீஃப் வேண்டாம்.

புதுச்சேரி: பழைய மணலை அப்படியே போடலாமா? அதில்தானே பாக்டீரியா?

வேண்டாம். நமக்கு வேண்டிய பாக்டீரியா கல்லிலேயே போதுமான அளவு இருக்கு. மணலுக்கு அடியில் கழிவு, ஆக்ஸிஜன் இல்லாத கருப்பு அடுக்கு. கிளறினா அம்மோனியா, ஹைட்ரஜன் சல்ஃபைடு ரெண்டும் மேல வரும்.

திருச்சி: தப்பு சார். நான் மணலை அப்படியே மாத்தினேன், ஒரு மீன்கூட சாகலை.

உங்க மணல் எத்தனை செ.மீ. உயரம், எத்தனை வருஷப் பழசு?

திருச்சி: 2 செ.மீ., எட்டு மாசம்.

அப்போ சாகாதுதான். மெல்லிசான புது மணலில் கழிவு சேர்ந்திருக்காது. 6, 7 செ.மீ. போட்டு மூணு வருஷம் ஓட்டினவர் உங்களைப் பார்த்து அப்படியே கொட்டினா காலையில் டேங்க் காலி. அதிலும் வேளச்சேரிக்காரர் டேங்கில் ஏற்கெனவே உடல் அழுகியிருக்கு.

புதுச்சேரி: கழுவினா பாக்டீரியா போயிடுமே?

போகட்டும். அரை பக்கெட் மணல், குழாய் தண்ணி, கையால் கிளறிக் கொட்டி, கண்ணாடி டம்ளரில் எடுத்தா தெளிவா தெரியற வரை கழுவுங்க. இருபது தடவை ஆகும். கடைசியா ஆர்ஓ தண்ணியில் ஒரு அலசல்.

திருச்சி: கழுவுற நேரத்துக்குப் புது மணலே வாங்கிடலாம்.

அதுக்கு நான் மறுப்பு சொல்லலை. இத்தனை சிறிய டேங்குக்கு 8 கிலோ ஆரகோனைட் (கால்சியம் கார்பனேட்) மணல் போதும்.

நாகர்கோவில்: வெள்ளைப் புள்ளி நோய் வந்து எல்லா மீனும் போச்சு. புது மீன் எப்போ விடலாம்?

கடல் வெள்ளைப் புள்ளி கிருமி வாழ மீன் வேணும். அந்தத் தண்ணி, கல், பவளம் எதை மாத்தினாலும் கிருமியும் கூட வரும். பழக்கத்தில் இருக்கிற கணக்கு, மீன் இல்லாம 76 நாள் டேங்கை ஓட்டணும், அப்புறம்தான் புது மீன். ரீஃபில் காப்பர் மருந்து ஊத்தாதீங்க. கல் உறிஞ்சிடும், பவளம் சாகும். மருந்து தனி டேங்கில்.

சேலம்: பழைய கல்லை வெந்நீரில் கொதிக்க வைத்துச் சுத்தம் பண்ணலாமா?

கூடவே கூடாது. ஜோவா, அதோட இனமான பாலிதோவா ஒட்டின கல்லில் பாலிடாக்ஸின்ங்கிற கொடிய விஷம் இருக்கலாம். கொதிக்க வெச்சா ஆவியோட வீட்டில் இருக்கிறவங்க நுரையீரலுக்குப் போகும், ஆஸ்பத்திரி வரை போகும். கையில் வெட்டு இருந்தா தொடவே வேண்டாம். கிளவுஸ், கண்ணாடி போட்டுக்கோங்க. வேளச்சேரி, உங்களுக்கும்தான்.

ஈரோடு: கேன் தண்ணி?

கோவைக்குச் சொன்ன பதில்தான்.

தஞ்சாவூர்: ஆவியான அளவுக்கு உப்புத் தண்ணி ஊத்தறேன், சரியா?

இல்லை. ஆவியாறது தண்ணி மட்டும், உப்பு உள்ளேயே இருக்கு.

வேலூர்: நீல டேங் இப்போ 5 செ.மீ.தான், 2 அடியில் விடலாமா?

30 செ.மீ. வரை வளரும். ரெண்டு க்ளவுன், ஒரு கோபி (சின்ன மீன்), அதோட நிறுத்துங்க.

ராமநாதபுரம்: மண்டபம் கரையில் கல் எடுத்துக்கலாமா? காசு மிச்சம்.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-லிருந்து இருக்கு. கல்லுப் பவளம் எல்லாமே 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருது. செத்துக் கரை ஒதுங்கின துண்டுக்கும் சிறை உண்டு. செயற்கைக் கல் வாங்குங்க. அதே மாதிரி வேண்டாத மீனைக் கடலில் விடாதீங்க. கடையில் திருப்பிக் கொடுங்க.

கடலூர்: அண்ணே, கப்பி டேங்கில்...

நன்னீர் என் துறை இல்லை.

விழுப்புரம்: பழைய மணலை...

புதுச்சேரி, திருச்சி ரெண்டு பேரோடவும் பேசினதைப் படிச்சிட்டு வாங்க.