பழைய வரைபடத்தில் நம்ம ஊர்: செட்டிநாட்டு அன்பர்களுக்குப் பதில்

கேள்வி (கானாடுகாத்தான்): அண்ணே, எங்கள் ஐயா காலத்து நிலத்தைத் தேடுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தம்பி, முதலில் அந்த நிலம் சிவகங்கை ஜமீனா, புதுக்கோட்டை சமஸ்தானமா என்று பாருங்கள். உங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம், அருகில் உள்ள கடியாபட்டி சமஸ்தானத்துப் பக்கம். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டமும் அந்த ஆண்டுச் சட்டம்தான். அதற்கு முந்தைய காகிதங்கள் இரண்டு பக்கமும் வேறு வேறு. இது தெரியாமல் தேடினால் மாதக்கணக்கில் அலைவீர்கள்.

கேள்வி: கிராம வரைபடம் வாங்கினேன். எங்கள் வளவு வீடு அதில் இல்லையே?

பதில்: இருக்காது ஆச்சி. குடியிருப்பு முழுவதையும் நத்தம் என்று ஒரே துண்டாகக் காட்டியிருப்பார்கள். வீட்டைப் பிடிக்கப் பழைய பத்திரம்தான் வழி. அதில் நான்கெல்லை எழுதியிருக்கும்: ஊரணிக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு என்று. வரைபடத்தில் ஊரணியும் பாதையும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் இடம் தெளிந்துவிடும். எங்கள் அப்பத்தா வீட்டுப் பத்திரத்தில் இருந்த பாதை இன்று மண்ணில் இல்லை. ஊரில் மூத்த ஆச்சி ஒருவர்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், “இதுதாண்டா அந்தப் பாதை” என்று இரண்டு கொல்லைகளுக்கு நடுவே இருந்த குறுகலான சந்து ஒன்றைக் காட்டினார். அன்று எனக்குப் பேச்சே வரவில்லை. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரை இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

கேள்வி: பத்திரத்தின் சர்வே எண் இப்போது பொருந்தவில்லை.

பதில்: கிராமத்து நில விவரங்களை எழுதிவைக்கும் அ-பதிவேட்டில் பழைய சர்வே எண்ணுக்குத் தனிப் பத்தி உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.

கேள்வி (காரைக்குடி): வரைபடத்தின் ஓரம் கிழிந்துவிட்டது. எந்தக் காலத்தது என்று எப்படி அறிவது?

பதில்: ரயில் பாதையைத் தேடுங்கள். காரைக்குடிக்கு ரயில் வந்தது 1930இல். பாதை இல்லையென்றால் நிலத்தை அளந்தது அதற்கு முன்னால். அச்சிட்ட ஆண்டு பின்னால் இருக்கலாம், அதை நம்பிவிடாதீர்கள். அப்புறம், சர்வே ஆஃப் இந்தியாவின் ஓர் அங்குலத் தாள்களில் (ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டுபவை) காரைக்குடியின் தாள் எண் 58ஜே/16, தேவகோட்டை 58கே/13. இந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் வேலை சுலபம்.

கேள்வி (சிங்கப்பூர்): பாட்டையா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர். கடை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். ரங்கூன் மொகல் தெருவில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கடைகள் நிறைய இருந்தன. அது இன்று ஷ்வே பொந்தா தெரு. பசீன் இப்போது பத்தேன். பெயர் மாறியதால் இன்றைய வரைபடத்தில் தேடினால் அகப்படாது. பெட்டகத்தில் பழைய பேரேடோ கடிதமோ இருந்தால், விலாசத்தையும் ஊர்ப்பெயரையும் எழுதியபடியே குறித்துக்கொண்டு, ஜப்பான் படை புகுந்த 1942க்கு முந்தைய வரைபடத்தில் தேடுங்கள்.